நான்கு தந்திகள், இரண்டு சுரங்கள்

கருநாடக இசைக் கச்சேரிக்கு முதன்முறையாகச் செல்லும் சிறுவர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. கலைஞர்கள் மேடையில் வந்து அமர்ந்துவிட்டனர். ஒலிபெருக்கியும் சரியாக இருக்கிறது. ஆயினும் பாட்டுத் தொடங்கவில்லை. வயலின் கலைஞர் வில்லை மெல்ல இழுக்கிறார், காதைச் சாய்த்துக் கேட்கிறார், எதையோ திருகுகிறார், மீண்டும் இழுக்கிறார். மிருதங்கக் கலைஞர் சிறிய கல் ஒன்றினால் தம் கருவியின் விளிம்பைத் தட்டிப் பார்க்கிறார். பாடகர் கண்களை மூடியிருக்கிறார். இரண்டு மூன்று நிமிடங்கள் இவ்வாறே கழிகின்றன. இதனை வீண் தாமதம் என்று எண்ணுவோர் உளர். உண்மையில் கச்சேரியின் முதல் வேலையே அதுதான். அதற்குச் சுருதி சேர்த்தல் என்று பெயர்.

சுருதி என்பது பாட்டுக்கு அடித்தளமாக நிற்கும் ஒலி. ஏழு சுரங்களுள் முதலாவதாகிய சட்ஜம், அதாவது ‘ஸ’, எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்கின்றனர். பிற சுரங்கள் யாவும் அதனைக் கொண்டே அமைகின்றன. மேலைநாட்டு இசையில் இந்த உயரத்தைப் பொதுவாக ஓர் எண்ணால் வரையறுத்துள்ளனர். 1939-ஆம் ஆண்டு லண்டனில் கூடிய மாநாடு ஒன்று, ‘ஏ’ என்னும் சுரத்தின் அதிர்வெண் 440 ஹெர்ட்ஸ் என்று பரிந்துரைத்தது. அஃதாவது, அச்சுரம் ஒலிக்கும்போது தந்தி ஒரு நொடியில் 440 முறை அதிர வேண்டும். கருநாடக இசையிலோ ஸ-வுக்கு அத்தகைய நிலையான எண் கிடையாது. பாடுபவரின் குரலே அதனை முடிவு செய்கிறது. கனத்த குரலுடைய ஆடவர் ஒரு கட்டையில் பாடுவார். மற்றொருவர் இரண்டு கட்டையில் பாடுவார். பெண்கள் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து கட்டை, சிலர் அதற்கும் மேலே பாடுவர். இங்குக் ‘கட்டை’ என்பது ஆர்மோனியத்தில் விரலால் அழுத்தும் கட்டையையே குறிக்கும். வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணினால் ஒன்று, இரண்டு, மூன்று என வரும். இடையில் உள்ள கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை, நாலரை என்பர். ஆகவே, வயலின் கலைஞர் வீட்டிலேயே தந்திகளைச் சரிசெய்துகொண்டு வந்திருந்தாலும், பாடகரின் அருகில் அமர்ந்தபின் மீண்டும் ஒருமுறை அவருடைய ஸ-வோடு ஒத்துப்பார்த்தே ஆக வேண்டும்.

வயலின் இந்த மண்ணில் பிறந்த கருவி அன்று. 16-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் அது உருவாயிற்று. தமிழகத்துக்கு அது ஐரோப்பியர் வழியாக வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர், தம் குடும்பம் சென்னைக்கு அருகேயுள்ள மணலியில் வாழ்ந்த காலத்தில், ஐரோப்பியர் ஒருவரிடம் இக்கருவியைக் கற்றார். கற்ற கருவியில் தம் முன்னோர் இசையை வாசித்துப் பார்த்தார், அது பொருந்தியது. தஞ்சை நால்வருள் இளையவராகிய வடிவேலுவும் வயலினில் வல்லவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள், 1834-ஆம் ஆண்டில் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றை அவருக்குப் பரிசாக அளித்தார். இன்றைக்கு வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரி அரிதாகிவிட்டது.

இத்தனைக்கும் அக்கருவியின் உடலில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. இத்தாலியில் செய்த வயலினையும் தஞ்சையில் வாசிக்கலாம். மாறியவை முதன்மையாக இரண்டே. ஒன்று, அதனைப் பிடிக்கும் முறை. மேலைநாட்டுக் கலைஞர் நின்றுகொண்டோ நாற்காலியில் அமர்ந்தோ தாடைக்கும் தோளுக்கும் இடையே கருவியை இடுக்கிக்கொள்வார். கருநாடக இசைக் கலைஞர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் சுருள்போன்ற தலையை வலது பாதத்தின்மீது ஊன்றி, மறுமுனையை இடப்பக்க மார்பில் சாய்த்துக்கொள்வார். கருவி இரண்டு இடங்களில் உறுதியாக நிற்பதால், அதனைத் தாங்கும் பொறுப்பு இடக்கைக்கு இல்லை. அக்கை தந்தியின்மேல் தடையின்றி வழுக்கிச் செல்கிறது. கமகங்கள் எளிதில் வருகின்றன. மற்றொன்று, தந்திகளின் சுருதி. இந்த இரண்டாம் மாற்றம் ஆழமானது. அதன் காரணம் அறியத்தக்கது.

மேலைநாட்டு முறையில் தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்திவரை ஜி, டி, ஏ, ஈ என்று நான்கு வெவ்வேறு சுரங்கள் வைக்கப்படுகின்றன. கருநாடக முறையில் நான்கு தந்திகளுக்கும் இரண்டே சுரங்கள்: ஸ, ப, ஸ, ப. தடித்த இரண்டும் கீழ்த்தாயியில், அதாவது மந்தரத்தில் ஒலிக்கும்; மெல்லிய இரண்டும் அவற்றிற்கு மேலுள்ள தாயியில் ஒலிக்கும். இந்த மாற்றம் ஏன்? ஜி-யை ஸ என்று கொண்டால், டி என்பது ப ஆகும். ஏ என்பது சதுசுருதி ரிஷபம் ஆகும். ஈ என்பது சதுசுருதி தைவதம் ஆகும். இசை கற்கும் குழந்தைகள் முதன்முதலில் பயிலும் இராகம் மாயாமாளவகௌளை. அதில் வருபவை சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும். ஆகவே, ஐரோப்பிய முறையில் கட்டிய வயலினில், முதற்பாட இராகத்திலேயே இரண்டு தந்திகளை விரல் வைக்காமல் தொட இயலாது. தொட்டால் இராகத்துக்கு அயலான சுரம் ஒலித்துவிடும். ஸ-வும் ப-வும் அப்படிப்பட்டவை அல்ல. பிற சுரங்களுக்குக் கோமளம், தீவிரம் போன்ற வேறுபாடுகள் உண்டு. இவ்விரண்டுக்கும் அவை இல்லை. இவை எந்த இராகத்திலும் தம் இடத்தை விட்டு அசைவதில்லை. பஞ்சமமே வாராத இந்தோளம் போன்ற இராகங்கள் சில உண்டு. அப்போது கலைஞர் அத்தந்தியை வெறுமனே ஒலிக்கவிடாமல் விரல் வைத்து வாசித்துவிடுவார். வேறொரு நன்மையும் உண்டு. ஸ, ப என்னும் இணை இருமுறை வருவதால், மேலிரண்டு தந்திகளில் வாசிக்கும் ஒரு தொடரை, விரல்களை மாற்றாமலேயே கீழிரண்டு தந்திகளில் ஒரு தாயி இறக்கி வாசிக்கலாம்.

ஸ-வுக்கும் ப-வுக்கும் உள்ள உறவு தமிழருக்குப் புதியதன்று. பழந்தமிழர் ஏழு சுரங்களையும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று அழைத்தனர். குரல் என்பது ஸ. இளி என்பது ப. யாழின் தந்தியை அவர்கள் நரம்பு என்றனர். நரம்பை முறுக்கும் ஆணிக்கு மாடகம் என்று பெயரிட்டனர். யாழ் வழக்கொழிந்தது, மாடகம் என்னும் சொல்லும் அகராதிக்குள் சென்றுவிட்டது. இன்றைய இசைக்கலைஞர் அந்த ஆணியைப் பிருடை என்பர். முறுக்காணி என்றாலும் அனைவர்க்கும் விளங்கும்.

இனி, சுருதி சேர்க்கும் முறையைக் காணலாம். வயலினின் தலைப்பகுதியில் நான்கு முறுக்காணிகள் உள்ளன. தடித்த தந்திகள் இரண்டின் ஆணிகள் ஒரு பக்கத்திலும், மெல்லிய தந்திகள் இரண்டின் ஆணிகள் மறுபக்கத்திலும் இருக்கும். ஆணியில் சுற்றப்பட்ட தந்தி, விரல் வைக்கும் பலகையின்மேல் நீண்டு, குதிரை எனப்படும் மெல்லிய மரத்துண்டின்மேல் ஏறி, மறுமுனையில் மாட்டப்பட்டிருக்கும். ஆணியை முறுக்கினால் தந்தியின் இழுவிசை கூடும், சுருதி ஏறும். தளர்த்தினால் சுருதி இறங்கும். ஒரே தந்தியில் ஸ-விலிருந்து ப-வுக்கு ஏற வேண்டுமானால் இழுவிசையை இரண்டேகால் மடங்காக்க வேண்டும். மெல்லிய தந்தி அதனைத் தாங்காமல் அறுந்துபோகலாம். அதனால்தான் நான்கு தந்திகளும் நான்கு பருமன்களில் செய்யப்படுகின்றன. ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்தில் ஏறக்குறைய வசதியான இழுவிசையோடு நிற்கிறது.

முறுக்காணி ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் சிறுத்தும் இருக்கும். அதனைத் தலைப்பகுதியின் துளைக்குள் மெல்ல அழுத்திக்கொண்டே திருக வேண்டும். அழுத்தாமல் திருகினால், கையை எடுத்தவுடன் அது வழுக்கித் தந்தி தளர்ந்துவிடும். பழகாத மாணவர் பலர் இந்த இடத்தில்தான் சலிப்படைகின்றனர். சுருதி கூடிவிட்டால், சற்றுக் கீழே இறக்கி, மீண்டும் கீழிருந்து மேலேறிச் சரியான இடத்தை அடைவது நல்லது. மேலிருந்து இறக்கி நிறுத்திய தந்தி சிறிது நேரத்தில் இன்னும் இறங்கிவிடும். மிகச் சிறிய திருத்தங்களுக்கு முறுக்காணி தேவையில்லை. தந்தியின் மறுமுனையில் உள்ள சிறு திருகாணியே போதும். அதனைத் திருகித் திருகி இனி உள்ளே செல்லாது என்னும் நிலை வந்தால், முதலில் அதனைத் தளர்த்திவிட்டு, முறுக்காணியால் தந்தியை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

எந்தத் தந்தியிலிருந்து தொடங்குவது? மெல்லிய தந்தியை முதல் தந்தி என்றும், தடித்ததை நான்காம் தந்தி என்றும் எண்ணுவது வழக்கம். இரண்டாம் தந்திக்குரியது ஸ. தம்புராவையோ சுருதிப் பெட்டியையோ ஒலிக்கவிட்டு, அதனோடு முதலில் இத்தந்தியைச் சேர்க்க வேண்டும். வில்லை அழுத்தக் கூடாது. அழுத்தினால் சுருதி சிறிது பிறழும். நீளமாகவும் மென்மையாகவும் இழுக்க வேண்டும். ஸ சேர்ந்தபின் முதல் தந்தியையும் இரண்டாம் தந்தியையும் ஒரே வில்வீச்சில் சேர்த்து இழுத்து, முதல் தந்தியில் ப-வை அமைக்க வேண்டும். அடுத்து, மூன்றாம் தந்தியை இரண்டாம் தந்தியோடு இழுத்து மந்தரப் பஞ்சமத்தைக் காண வேண்டும். இறுதியாக, நான்காம் தந்தியை மூன்றாம் தந்தியோடு இழுத்து மந்தர ஸ-வைச் சேர்க்க வேண்டும். இவ்வாறு தந்திகள் ஒன்றையொன்று கைப்பிடித்தே இறங்குகின்றன. முதல் தந்தி தவறாக அமைந்தால் அப்பிழை அதனோடு நின்றுவிடும். இரண்டாம் தந்தியே தவறிவிட்டால் நான்கும் தவறிவிடும்.

சேர்ந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? இதுவே சுருதி சேர்த்தலின் உயிரான இடம். ஏறத்தாழ ஒத்த, ஆனால் முற்றிலும் ஒத்துவிடாத இரண்டு ஒலிகள் சேர்ந்து ஒலிக்கும்போது, அவ்வொலி சீராக இராது. ‘வ்வா... வ்வா... வ்வா...’ என்று ஏறி இறங்கும். அறிவியல் நூல்கள் இதனை விம்மல் என்கின்றன. ஒரு தந்தி நொடிக்கு 200 முறையும், மற்றொன்று 202 முறையும் அதிர்ந்தால், நொடிக்கு இரண்டு விம்மல்கள் கேட்கும். வேறுபாடு குறையக் குறைய விம்மலின் வேகம் தணியும். வேறுபாடு முற்றிலும் நீங்கியதும் விம்மல் மறைந்து, ஒலி அசைவற்ற நீர்ப்பரப்புப் போல நிற்கும்.

ஸ-வும் ப-வும் வெவ்வேறு உயரமுள்ள சுரங்களாயிற்றே, அவற்றிடையே விம்மல் எவ்வாறு தோன்றும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு தந்தி அதிரும்போது ஒரே ஓர் ஒலி மட்டும் பிறப்பதில்லை. அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்களிலும் மெல்லிய ஒலிகள் கூடவே பிறக்கின்றன. இவற்றிற்கு மேற்சுரங்கள் என்று பெயர். ஸ-வின் அதிர்வெண் 200 என்று கொண்டால், சரியாக அமைந்த ப-வின் அதிர்வெண் 300. இரண்டுக்கும் உள்ள விகிதம் 2:3. இப்போது 200-இன் மும்மடங்கு 600. 300-இன் இருமடங்கும் 600. அந்த உயரத்தில் இரு தந்திகளும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ப சிறிது மிகுந்து 301 ஆகிவிட்டால், அதன் இருமடங்கு 602. 600-ம் 602-ம் சேர்ந்து நொடிக்கு இரண்டு விம்மல்களை எழுப்பும். ஆகவே, பயின்ற காது தந்திகளின் பேரொலியைக் கேட்பதோடு நின்றுவிடுவதில்லை. அதற்கு மேலே மெல்லியதாய் எழும் அந்த அசைவையும் தேடுகிறது. முதல் நாளில் இது கேட்காது. சில வாரங்கள் பொறுமையாகக் கேட்டபின் ஒரு நாள் தெளிவாகக் கேட்கத் தொடங்கும். அதன்பின், கேட்காமல் இருப்பதுதான் கடினம்.

கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலிகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. தொடக்க நிலை மாணவர்க்கு அவை உதவுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அச்செயலிகள் பெரும்பாலும் ஆர்மோனியம், கீபோர்டு ஆகியவற்றின் கட்டைகளைப் போலவே சுரங்களை அளக்கின்றன. அக்கருவிகளில் ஒரு தாயி பன்னிரண்டு சமபங்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அந்தக் கணக்கின்படி, ஸ 200 என்றால் ப 300 அன்று, ஏறக்குறைய 299.66. வேறுபாடு மிகச் சிறியதே. ஆயினும், செயலி பச்சை விளக்குக் காட்டியபின் இரு தந்திகளையும் சேர்த்து இழுத்தால், ஒன்றரை நொடிக்கு ஒருமுறை மெல்லிய விம்மல் ஒன்று எழுந்து அடங்கும். தம்புராவின் முன் அமரும் கலைஞர் அதனையும் களைந்துவிட்டே வாசிக்கத் தொடங்குவார். இரண்டாம் தந்தியின் ஸ-வுக்குச் செயலியின் துணையைக் கொண்டு, எஞ்சிய மூன்று தந்திகளையும் காதால் சேர்ப்பது நல்ல பழக்கம்.

சேர்த்த சுருதியைச் சோதிக்க அழகிய வழி ஒன்று உண்டு. சிறிய தாள்துண்டு ஒன்றை இரண்டாக மடித்து, முதல் தந்தியின் நடுவில் குதிரையேறியவனைப் போல உட்கார வைக்க வேண்டும். பின்னர் இரண்டாம் தந்தியில் நான்காம் விரலை வைத்துப் பஞ்சமத்தை வாசிக்க வேண்டும். முதல் தந்தியை வில் தொடவே கூடாது. விரல் சரியான இடத்தில் அமர்ந்து, சுருதியும் சரியாக இருந்தால், தொடாத தந்தி தானாகவே அதிரும்; தாள்துண்டு நடுங்கும், சில சமயம் துள்ளிக் கீழே விழும். விரல் சிறிது தள்ளி அமர்ந்தால் தாள் அசையாது. இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

சேர்த்த சுருதி அப்படியே நிற்பதில்லை. வயலின் மரத்தால் ஆனது. மரம் காற்றின் ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாக இருக்கிறது. தில்லியின் வறண்ட குளிர்காலத்தில் முறுக்காணி சுருங்கும். இரவில் சேர்த்து வைத்த தந்தி, காலையில் பெட்டியைத் திறந்தால் தளர்ந்து கிடக்கும். மும்பையின் மழைக்காலத்தில் அதே ஆணி ஊதித் துளைக்குள் இறுகிக்கொள்ளும். திருகுவதற்கே வலிமை வேண்டும். வழுக்கும் ஆணியில் கரும்பலகைச் சுண்ணக்கட்டியைச் சிறிது தேய்த்தால் பிடிப்பு உண்டாகும். இறுகிய ஆணியை முரட்டுத்தனமாகத் திருகுவது தந்திக்கும் கேடு, கருவிக்கும் கேடு. ஆசிரியரிடமோ கருவி பழுதுபார்ப்பவரிடமோ காட்டுவதே முறை. சென்னையிலிருந்து தொடர்வண்டியில் இரண்டு நாள் பயணம் செய்து வடக்கே வரும் வயலின், வந்து சேர்ந்ததும் ஓரிரு நாள் சுருதியில் நில்லாமல் அடம்பிடிக்கலாம். அது கருவியின் குற்றம் அன்று. புதிய காற்றுக்கு மரம் பழக வேண்டும்.

குதிரையையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். அது பசையால் ஒட்டப்பட்டதன்று. தந்திகளின் அழுத்தத்தினால் மட்டுமே நிற்கிறது. அடிக்கடி சுருதி ஏற்றும்போது தந்திகள் அதன் மேல்விளிம்பைத் தலைப்பக்கமாக இழுக்கும். சாய்ந்த குதிரையைக் கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் ‘படார்’ என்று சாயும். கருவியின் வயிற்றுக்குள் குதிரைக்கு அருகில் சிறு மரக்குச்சி ஒன்றும் இவ்வாறே பசையின்றி நிற்கிறது. மேற்பலகையின் அதிர்வை அது கீழ்ப்பலகைக்குக் கொண்டுசெல்கிறது. பிரெஞ்சு மொழியில் அதற்கு உயிர் என்னும் பொருள்தரும் பெயரையே இட்டுள்ளனர். நான்கு தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டால் அக்குச்சி விழுந்துவிடக்கூடும். ஆகவே, தந்தி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, புதியதைக் கட்டி, ஓரளவு இறுக்கிய பின்னரே அடுத்ததைக் கழற்ற வேண்டும்.

வயலினின் சுருதிக்கு எல்லை வகுக்காத இயல்பே அதனை இந்தியாவின் இருபெரும் இசைமரபுகளிலும் நிலைபெறச் செய்தது. டி. என். கிருஷ்ணனும் அவருடைய தங்கை என். ராஜமும் ஒரே வீட்டில் தந்தையிடம் வயலின் கற்றவர்கள். அண்ணன் கருநாடக இசையில் புகழ்பெற்றார். தங்கையோ இந்துஸ்தானி இசையைத் தேர்ந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் கற்பித்தார். அவ்விசையைப் பாடுவது போலவே வயலினில் வாசிக்கும் முறைக்காகப் பெயர்பெற்றார். இருவர் கையிலும் இருந்தது ஒரே கருவிதான்.

பக்கவாத்தியம் வாசிப்பவரின் நாட்கள் இன்னும் கடினமானவை. இன்று மாலை ஒரு கட்டையில் பாடும் ஆடவர்க்கு வாசித்தவர், நாளை ஐந்து கட்டையில் பாடும் பெண்மணிக்கு வாசிக்க நேரலாம். நான்கு தந்திகளையும் மேலே ஏற்ற வேண்டும். ஒன்றை ஏற்றும்போது கருவியின் மரம் சிறிது வளைந்துகொடுக்கும். அதனால் முன்பு சேர்த்த தந்தி சற்று இறங்கிவிடும். நான்காவதை முடித்துவிட்டு முதலுக்குத் திரும்பினால், அது தன் இடத்தில் இராது. மீண்டும் ஒரு சுற்று. சில நாள் மூன்றாம் சுற்றும் வேண்டியிருக்கும். அனுபவம் மிக்கவர்கள் முந்தைய நாள் இரவே தந்திகளைப் புதிய உயரத்துக்கு ஏற்றி வைத்துவிடுகின்றனர். மறுநாள் மேடையில் செய்ய வேண்டியது, பாடகரின் ஸ-வைக் கேட்டுச் சிறு திருகாணிகளை மயிரிழையளவு நகர்த்துவது மட்டுமே.